தலை–கழுத்துப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு தொடர்கல்வி வழிகாட்டி

பட்ட மேற்படிப்பை முடித்து, அரசு மருத்துவமனையிலோ தனியார் புற்றுநோய் மையத்திலோ தலை–கழுத்துப் புற்றுநோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியிருக்கும் இளம் மருத்துவர்களை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. காது மூக்கு தொண்டை, பொது அறுவை, முக–தாடை அறுவை, கதிர்வீச்சு, கீமோதெரபி என எத்துறையிலிருந்து வந்தவருக்கும், அவர்களோடு பணியாற்றும் செவிலியர், பல் மருத்துவர், பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளர் ஆகியோருக்கும் கற்க வேண்டிய அடிப்படை ஒன்றுதான். யார் எந்த இடத்தில் ஆழமாக இறங்குவது என்பதில்தான் வேறுபாடு.

இத்துறையில் கல்லூரிப் பாடம் வேகமாகப் பழையதாகிவிடும். அறுவைக்குப் பின் கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தையும் சேர்த்துத் தர வேண்டியவர்கள் யார் என்பதை 2004-இல் ஒரே நேரத்தில் வெளியான ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வுகள் இரண்டும் தெளிவுபடுத்தின. வாய்ப்புற்றின் தொடக்க நிலையில், கழுத்தில் கட்டி எதுவும் தட்டுப்படாதபோதும் கழுத்து நிணநீர் முடிச்சுகளை முதல் அறுவையிலேயே எடுத்துவிடுவது உயிரைக் காக்கிறது என்பதை மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் ஆய்வு 2015-இல் நிறுவியது. முதலிலேயே எடுத்தவர்களில் 80 விழுக்காட்டினர் மூன்றாண்டுக்குப் பின் உயிரோடு இருந்தனர், கட்டி வந்தபின் எடுக்கலாம் எனக் காத்திருந்தவர்களில் 67.5 விழுக்காட்டினரே இருந்தனர். 2018 தொடக்கத்தில், நோய் நிலைகளை வகுக்கும் அமெரிக்கக் கூட்டுக் குழுவான ஏ.ஜே.சி.சி.யின் எட்டாம் பதிப்பு நடைமுறைக்கு வந்து, நோய் நிலையைக் கணிக்கும் முறையையே மாற்றியது. 2025 ஜூன் மாதம், அறுவைக்கு முன்னும் பின்னும் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைத் தருவதற்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் அளித்தது. பத்தாண்டுகளுக்கு முன் படித்ததை மட்டும் வைத்துக்கொண்டு இன்று ஓ.பி.யில் உட்கார்ந்தால், நோயாளிக்கு முழுச் சிகிச்சை கிடைக்காமல் போக வாய்ப்புண்டு.

விதி கேட்பது எவ்வளவு

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகள், மருத்துவர் ஒவ்வொருவரும் ஐந்தாண்டுகளுக்கு 30 மணிநேரத் தொடர்கல்வி பெற வேண்டும் என்கின்றன. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய விதிகளை வெளியிட்டு, அதே மாதத்தில் அவற்றை நிறுத்தியும் வைத்தது. தமிழ்நாட்டில் நடைபெறும் சி.எம்.இ. எனப்படும் தொடர் மருத்துவக் கல்வி நிகழ்ச்சிக்குத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் மணிநேர மதிப்பு வழங்கியிருக்கிறதா என்பதைப் பதிவு செய்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பல் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் அவரவர் கவுன்சில் தனிக் கணக்கு வைத்திருக்கிறது. சான்றிதழ்களை ஒரு கோப்பில் சேர்த்து வைத்துவிட்டால் இந்தப் பகுதி முடிந்தது.

ஐந்தாண்டுக்கு 30 மணி என்பது மாதத்துக்கு அரை மணிநேரம். இரண்டு பெரிய மாநாடுகளுக்குப் போய்வந்தாலே அந்தக் கணக்கு நிறைந்துவிடும்; ஆனால் நோயாளிக்கு அதனால் என்ன மாறியது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இராது. ஆகவே, என்ன படிப்பது என்பதை மாநாட்டு அழைப்பிதழைப் பார்த்துத் தீர்மானிக்காமல், உங்கள் சொந்தப் பதிவேட்டைப் பார்த்துத் தீர்மானியுங்கள் என்பதே இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்து.

பதிவேட்டிலிருந்து தொடங்குதல்

உங்கள் பிரிவில் கடைசியாகச் சிகிச்சை முடித்த ஐம்பது பேரின் கேஸ் ஷீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது கிடைக்காவிட்டால் முப்பது போதும். ஒரு எக்செல் தாளில் சில பத்திகளை மட்டும் நிரப்புங்கள்: நோய் தொடங்கிய இடம், நோய் நிலை, பயாப்சி முடிவு வந்த நாள், சிகிச்சை தொடங்கிய நாள், அறுவை நடந்திருந்தால் கட்டியைச் சுற்றி எடுத்த நலமான திசுவின் விளிம்பு எத்தனை மில்லிமீட்டர், கட்டி ஊடுருவிய ஆழம் எவ்வளவு, எத்தனை நிணநீர் முடிச்சுகள் எடுக்கப்பட்டன, நோய் முடிச்சின் உறையைத் தாண்டியிருந்ததா, அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் இடையே எத்தனை நாள், கதிர்வீச்சு இடையில் எத்தனை நாள் நின்றது, மூன்று மாதம் கழித்தும் மூக்குக்குழாயில்தான் உணவா, நோய் திரும்பியிருந்தால் எங்கே, எப்போது.

இப்படி நிரப்பும்போது பல கட்டங்கள் காலியாக நிற்கும். அந்தக் காலிக் கட்டங்கள்தான் உங்கள் பாடத்திட்டம்.

ஊடுருவிய ஆழம் பாதிப் பேருக்கு எழுதப்படவில்லை என்றால், பிரச்சினை உங்கள் நோய்க்குறியியல் அறிக்கைப் படிவத்தில் இருக்கிறது. புற்றுநோய் அறிக்கைகளுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஐ.சி.சி.ஆர். வெளியிட்டிருக்கும் படிவங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை அச்சிட்டு எடுத்துக்கொண்டு நோய்க்குறியியல் மருத்துவரைப் போய்ப் பாருங்கள். கழுத்து அறுவையில் எடுக்கப்பட்ட முடிச்சுகள் அடிக்கடி 18-க்குக் குறைகின்றனவா? அறுவையின் தரத்துக்கு அந்த எண்ணிக்கை ஓர் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் குறைவுக்குக் காரணம் அறுவை அரங்கிலும் இருக்கலாம், மாதிரியை வெட்டித் தேடும் மேசையிலும் இருக்கலாம். எது என்பதை இருவரும் சேர்ந்து பார்த்தால்தான் தெரியும்.

அறுவைக்குப் பின் கதிர்வீச்சு தேவைப்படுவோருக்கு அதை ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட இலக்கு. உங்கள் தாளில் அது ஒன்பது, பத்து வாரம் எனக் காட்டுமானால், அதற்கான காரணங்களைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். காயம் ஆறாதது ஒரு காரணமாக இருக்கும். பல் மருத்துவரிடம் அனுப்பவே தாமதமானது மற்றொன்று. காப்பீட்டுத் திட்ட ஒப்புதலுக்கான ஆவணம் ஏதோ ஒன்று குறைந்ததால் நோயாளி ஊருக்குப் போய்த் திரும்பியது இன்னொன்று. இவற்றில் முதலாவதற்கு அறுவை நுட்பம் கற்க வேண்டும். இரண்டாவதற்கு அறுவைக்கு முன்பே பல் சோதனை என்ற வழக்கத்தைக் கொண்டுவர வேண்டும். மூன்றாவதற்குக் காப்பீட்டுப் பிரிவில் இருப்பவரையும் உங்கள் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். மூன்றையும் தொடர்கல்வி என்றே சொல்வேன்.

நோய் நிலையைச் சரியாக எழுதக் கற்றல்

ஏ.ஜே.சி.சி. எட்டாம் பதிப்பை மேலோட்டமாகத் தெரிந்துவைத்திருப்பவர்கள் பலர். கையில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு பிழையின்றி எழுதுவோர் குறைவு. வாய்ப்புற்றில் கட்டியின் நீள அகலத்தோடு அது உள்ளே ஊடுருவிய ஆழமும் கணக்கில் வந்துவிட்டது. ஐந்து மில்லிமீட்டர், பத்து மில்லிமீட்டர் என்பவை எல்லைக்கோடுகள். நாக்கின் ஓரத்தில் 1.8 செ.மீ. புண், ஆழம் 7 மி.மீ. என்றால் பழைய பதிப்பில் கட்டியின் நிலை டி1, இப்போது டி2. இந்த ஆழம் கட்டியின் மொத்தத் தடிமன் அன்று. அருகிலுள்ள நலமான சவ்வின் அடித்தளத்திலிருந்து நேர்கீழாக அளக்கப்படுவது. வெளியே குவிந்து வளர்ந்த கட்டியில் தடிமன் அதிகமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கும். குழிந்த புண்ணில் நேர்மாறாக. இரண்டையும் குழப்பினால் நிலை தவறும்.

நோய் முடிச்சின் உறையைத் தாண்டியதா என்பது இப்போது கழுத்து நிலையில் நேரடியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. எச்.பி.வி. வைரஸ் தொடர்பான நடுத்தொண்டைப் புற்றுக்குத் தனி அட்டவணை வந்துவிட்டது. அதைப் பயன்படுத்துவதற்கு முன் பி16 என்ற புரதச் சோதனை நடந்திருக்க வேண்டும், அதில் 70 விழுக்காட்டுக்குக் குறையாத செல்கள் வலுவாகச் சாயமேறியிருக்க வேண்டும். மேலை நாட்டு மாநாட்டு உரைகளில் பாதி இந்த வகை நோயைப் பற்றியதாகவே இருக்கும். நம் ஓ.பி. வரிசையில் பெரும்பகுதி வெற்றிலை, பாக்கு, புகையிலை, மாவா, குட்கா ஆகியவற்றால் வந்த கன்னத்து உட்புறப் புற்றும் ஈறுப் புற்றும்தான். வாய் திறக்க முடியாத சளிச்சவ்வு நாரிறுக்கத்தோடு வருவோரும் அவர்களில் உண்டு. கேட்கும் உரை எந்த நோயைப் பற்றியது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளும் பழக்கம் வேண்டும். மூக்கின் பின்புறத் தொண்டைப் புற்றுக்கு 2025-இலிருந்து ஒன்பதாம் பதிப்பு வந்திருப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு எளிய வழி ஒன்று. வாரத்துக்கு ஐந்து நோயாளிகளின் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படங்களைக் கதிரியக்க மருத்துவரின் அறிக்கையைப் பார்க்காமலேயே முதலில் நீங்கள் பார்த்து, நிலையை எழுதி வையுங்கள். பிறகு அறிக்கையோடும், அறுவை முடிந்தபின் நோய்க்குறியியல் முடிவோடும் ஒப்பிடுங்கள். ஆறு மாதத்தில் கண் பழகிவிடும்.

ட்யூமர் போர்டில் உட்காருதல்

நாட்டின் பெரிய மையங்கள் பலவற்றில் அறுவை, கதிர்வீச்சு, கீமோதெரபி, நோய்க்குறியியல், கதிரியக்கம் ஆகிய துறையினர் வாரம் ஒருமுறை கூடி ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன செய்வது என முடிவெடுக்கிறார்கள். உங்கள் மருத்துவமனையில் அத்தகைய கூட்டம் இல்லையென்றால், அதைத் தொடங்குவதே முதலாண்டில் நீங்கள் செய்யக்கூடிய சிறந்த கல்விப் பணி. ஐந்து துறைகளும் வேண்டும் எனக் காத்திருக்க வேண்டாம். ஓர் அறுவை மருத்துவரும், ஒரு கதிர்வீச்சு மருத்துவரும், படங்களைத் திறந்து காட்ட ஒரு கணினியும் இருந்தால் போதும். மற்றவர்கள் பின்னால் வருவார்கள்.

வெளியிலிருந்து உதவியும் கிடைக்கும். டாடா மெமோரியலை மையமாகக் கொண்டு 2012-இல் உருவான நேஷனல் கேன்சர் கிரிட் அமைப்பில் இப்போது முந்நூறுக்கும் மேற்பட்ட மையங்கள் உறுப்பினராக உள்ளன. சிக்கலான நோயாளிகளைப் பற்றி விவாதிக்க அது இணையவழி ட்யூமர் போர்டு நடத்துகிறது. அதன் சிகிச்சை வழிகாட்டுதல்கள் யாவருக்கும் திறந்தவை. எந்தச் சிகிச்சை கட்டாயம் வேண்டும், எது வசதியிருந்தால் நல்லது என்று நம் நாட்டு நிலைமைக்கேற்பப் பிரித்துச் சொல்வதால், அமெரிக்கப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பான என்.சி.சி.என். வழிகாட்டுதலைத் திறப்பதற்கு முன் இதைத் திறப்பது நல்லது என்பது என் கருத்து. என்.சி.சி.என். பக்கங்களும் பெயர் பதிந்தால் இலவசமே. அங்கே பரிந்துரைக்கப்படும் மருந்துகள் எல்லாமே இங்குள்ள நோயாளிக்கு எட்டுபவை என்று எண்ணிவிடக் கூடாது.

போர்டில் கற்பவர் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. ஒவ்வொரு நோயாளி பற்றியும் விவாதம் தொடங்கும் முன், என்ன முடிவு வரும் என்று ஒரு சிறு நோட்டில் உங்கள் கருத்தை எழுதிவிடுங்கள். முடிவு வேறாக வந்தால் காரணத்தையும் அருகில் எழுதுங்கள். மூத்தவர்கள் இருவர் ஒருவரோடொருவர் உடன்படாத இடங்களுக்கு ஓர் அடையாளமிடுங்கள்; மேற்கொண்டு வாசிக்க வேண்டிய தலைப்புகள் அங்கேதான் கிடைக்கும்.

ஆய்வுக் கட்டுரைகளை வாசித்தல்

எல்லாவற்றையும் வாசிக்க முடியாது, முயலவும் வேண்டாம். சிகிச்சையை மாற்றிய இருபது ஆய்வுகளை முழுதாக வாசித்தவர், இருநூறு சுருக்கங்களைப் புரட்டியவரைவிட நன்றாகச் சிகிச்சை செய்வார். மேலே சொன்ன 2004 ஆய்வுகள் இரண்டிலிருந்தும் தொடங்கலாம். அவற்றைச் சேர்த்து ஆராய்ந்தபோது, விளிம்பில் நோய் இருந்தவர்களுக்கும் முடிச்சின் உறையை நோய் தாண்டியிருந்தவர்களுக்கும்தான் சிஸ்பிளாட்டினைச் சேர்ப்பதன் பயன் தெளிவாகத் தெரிந்தது. இன்றுவரை அந்த இரண்டு காரணங்களே அறுவைக்குப்பின் கீமோ–கதிர்வீச்சுக்கு அடிப்படை.

அடுத்து, அதே சிஸ்பிளாட்டினை எப்படித் தருவது என்ற கேள்வியைத் தொடருங்கள். ஓர் ஆய்வின் முடிவை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதைக் கற்பிக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராம் என்பதே நிறுவப்பட்ட முறை. அது நோயாளியைப் பெரிதும் வருத்தும், சிறுநீரகத்தையும் செவியையும் தாக்கும் என்பதால், நம் நாட்டு மையங்கள் பலவற்றில் வாரம் 30 மில்லிகிராம் தரும் வழக்கம் இருந்தது. டாடா மெமோரியலில் 300 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வில், இரண்டாண்டுக் காலம் கழுத்திலும் நோய் தொடங்கிய இடத்திலும் நோய் கட்டுப்பட்டிருந்தவர்கள் மூன்று வார முறையில் 73.1 விழுக்காடு, வார முறையில் 58.5 விழுக்காடு. பக்கவிளைவு மூன்று வார முறையில் கூடுதல். உடனே, வார முறையே கூடாது எனப் பலர் முடிவுகட்டினர்.

ஆனால் கட்டுரையை முழுதாக வாசித்தவர்கள் இரண்டு செய்திகளைக் கவனித்திருப்பார்கள். அந்த ஆய்விலிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அறுவை முடிந்து வந்தவர்கள். வாரத்துக்குத் தரப்பட்ட அளவு 30 மில்லிகிராம். பின்னர் 2022-இல் ஜப்பானிய ஆய்வு அறுவைக்குப் பிந்தைய நோயாளிகளுக்கே வாரம் 40 மில்லிகிராம் தந்து, அது மூன்று வார முறைக்குக் குறைந்ததன்று எனக் காட்டியது. அறுவையின்றிக் கதிர்வீச்சையே முதன்மைச் சிகிச்சையாகப் பெற்றவர்களிடம் இந்தியாவில் நடந்த கான்சர்ட் ஆய்வும் வாரம் 40 மில்லிகிராமுக்கு ஆதரவாக முடிந்தது. ஆக, 30-க்கும் 40-க்கும் இடையிலுள்ள அந்தப் பத்து மில்லிகிராமைக் கவனியாமல் தலைப்பை மட்டும் நினைவில் வைத்திருப்பவர், இரண்டு ஆய்வுகளில் ஒன்றைத் தவறு என்றே எண்ணிக்கொள்வார்.

சிஸ்பிளாட்டின் தர முடியாதவர்களுக்கு என்ன என்பது அடுத்த கேள்வி. வாரம் சதுர மீட்டருக்கு 15 மில்லிகிராம் டோசிடாக்செல் என்ற கீமோ மருந்தைக் கதிர்வீச்சோடு சேர்த்தால், நோயின்றி இரண்டாண்டு வாழ்வோர் 30.3 விழுக்காட்டிலிருந்து 42 விழுக்காடாக உயர்வதை 2023-இல் இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. அதே ஆண்டில், குணப்படுத்த இயலாத நிலையிலுள்ளோருக்கு, மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப் மாத்திரைகளோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்தபோது, ஓராண்டு உயிர்வாழ்வோர் 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 விழுக்காடாக உயர்ந்ததை டாடா மெமோரியல் வெளியிட்டது. வழக்கமான அளவில் ஒரு சிறு பங்கே இது. முழு அளவுக்குப் பணம் கட்ட இயலாதவர்களே மிகுதியாக வரும் மருத்துவமனைகளில் இத்தகைய ஆய்வுகளைத்தான் முதலில் வாசிக்க வேண்டும். அதே நேரத்தில், முழு அளவோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு அன்று இது என்பதையும் நோட்டில் குறித்துவைக்க வேண்டும்.

மாதம் ஒரு கட்டுரை, நான்கு பேர், ஒரு மணிநேரம் என்ற அளவில் வாசிப்புக் கூட்டம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையை எடுத்துரைப்பவர் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்: இதிலிருந்த நோயாளிகள் நம் நோயாளிகளா? எதனோடு ஒப்பிட்டார்கள்? நாளை காலை ஓ.பி.யில் எதை மாற்றப் போகிறோம்? மூன்றாவதற்கு ‘எதையும் இல்லை’ என்பதும் ஏற்கத்தக்க பதிலே.

கைத்திறன்

அறுவை மருத்துவர்கள் சடலப் பயிற்சிப் பட்டறைகளுக்குப் போவது நல்லது, ஆனால் எந்த வரிசையில் என்பது முக்கியம். கழுத்து நிணநீர் முடிச்சு அகற்றலில் தோள்பட்டைக்குச் செல்லும் பதினோராம் நரம்பையும், கீழுதட்டை அசைக்கும் நரம்புக் கிளையையும், இடப்பக்கத்து நிணநீர் நாளத்தையும் காப்பதில் கை பழகும் முன் நுண்ணறுவைப் பட்டறைக்குப் பணம் கட்டுவதில் பொருளில்லை. அதற்குப்பின், அறுவையில் ஏற்பட்ட பள்ளத்தை மூடும் மார்புத் தசைமடல். 1979-இல் அரியன் விவரித்த இந்த முறை, இரவு நேரத்தில் வேறெதுவும் கைகொடுக்காதபோதும் உதவும். அதன் பிறகே முன்கை, தொடை, கால் எலும்பு ஆகியவற்றிலிருந்து இரத்தக்குழாயோடு எடுத்து நுண்ணோக்கியின் கீழ் இணைக்கும் மடல்கள். நுண்ணறுவையை முறையாகக் கற்பிக்கும் இடங்களில் கோவை கங்கா மருத்துவமனை நாடறிந்தது.

பட்டறைக் கட்டணம் எதுவுமின்றிக் கற்கக்கூடிய ஒன்றையும் சொல்ல வேண்டும். அறுவை முடிந்ததும் மாதிரியை உதவியாளரிடம் கொடுத்தனுப்பாமல், எது முன்புறம், எது மேற்புறம் எனத் தையல் அடையாளமிட்டு நீங்களே நோய்க்குறியியல் பிரிவுக்கு எடுத்துச்சென்று, அவர்கள் அதை மையிட்டு வெட்டுவதை அருகிலிருந்து பாருங்கள். விளிம்பு ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அதை நெருக்கமானது என்பது வழக்கம். ஃபார்மலினில் திசு சுருங்குவதையும், நீங்கள் ஒரு செ.மீ. விட்டு வெட்டியதாக எண்ணிய இடம் அறிக்கையில் எவ்வளவாக வருகிறது என்பதையும் நேரில் கண்டவருக்கு அடுத்த அறுவையில் கோடு போடும் இடம் மாறிவிடும்.

கதிர்வீச்சு மருத்துவர்களுக்குக் கைத்திறன் என்பது திரையில் வரைவது. கழுத்து நிணநீர்ப் பகுதிகளின் எல்லைகளுக்கு 2014-இல் வெளியான பன்னாட்டு ஒப்புதல் வரையறையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இ-கான்டூர் என்ற இலவச இணையதளத்திலுள்ள மாதிரிகளோடு உங்கள் வரைவை ஒப்பிடுங்கள். ஒரே நோயாளியின் படத்தில் உங்கள் பிரிவிலுள்ள அனைவரும் தனித்தனியே வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது இன்னும் பயன்தரும். பட்ட மேற்படிப்பு மாணவர்களுக்கு இந்தியக் கதிர்வீச்சுப் புற்றுநோயியல் கல்லூரியான ஐ.சி.ஆர்.ஓ. வகுப்புகள் நடத்துகிறது.

வார்டிலும் பின்தொடர்விலும் கற்க வேண்டியவை

தலை–கழுத்துப் புற்றில் நோய் நீங்கியபின் நோயாளி பேசுகிறாரா, விழுங்குகிறாரா, வாயைத் திறக்கிறாரா என்பதை மாநாட்டு மேடைகள் கடைசி அமர்வுக்குத் தள்ளிவிடுகின்றன. பெரும்பாலும் அந்த அமர்வில் நாற்காலிகள் காலியாக இருக்கும். ஆனால் சிகிச்சையின் பலனை இல்லத்தார் அளப்பது இவற்றைக் கொண்டுதான்.

செவிலியர் கற்க வேண்டியதில் முதலிடம் மூச்சுவழிக்கு. மூச்சுக்குழாயில் துளையிட்டு டிரக்கியாஸ்டமி போட்டவருக்கும் குரல்வளையை முழுதாக அகற்றியவருக்கும் உள்ள வேறுபாட்டை வார்டில் இருப்பவர்கள் மட்டுமல்லாமல் அவசரப் பிரிவில் இருப்பவர்களும் அறிந்திருக்க வேண்டும். குரல்வளை அகற்றப்பட்டவரின் மூக்குக்கும் வாய்க்கும் நுரையீரலோடு தொடர்பே இல்லை. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்தால் ஒரு துளிகூட உள்ளே போகாது, கழுத்துத் துளையின் மேல்தான் வைக்க வேண்டும். பிரிட்டனின் தேசிய டிரக்கியாஸ்டமி பாதுகாப்புத் திட்டம் முதல்வகையினருக்குப் பச்சை, இரண்டாம் வகையினருக்குச் சிவப்பு எனப் படுக்கைத் தலைமாட்டில் மாட்டும் அட்டைகளையும் இணையப் பாடங்களையும் இலவசமாகத் தருகிறது. அந்த அட்டைகளில் உள்ளதைத் தமிழில் எழுதி ஒட்ட ஒரு பிற்பகல் போதும்.

பல் மருத்துவர் கதிர்வீச்சுக்கு முன்பே நோயாளியைப் பார்த்து, எடுக்க வேண்டிய பற்களைக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன் எடுத்துவிட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பின் பல் எடுத்தால் தாடையெலும்பு ஆறாமல் அழியக்கூடும் என்பது நோயாளி ஊரில் போய்ப் பார்க்கும் பல் மருத்துவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால், டிஸ்சார்ஜ் சம்மரியில் அதை ஒரு வரியாகச் சேர்க்கும் வழக்கம் நல்லது. முன்பற்களுக்கிடையே 35 மில்லிமீட்டருக்குக் குறைவாகவே வாய் திறந்தால் அது தாடை இறுக்கம். அளவுகோலால் ஒவ்வொரு வருகையிலும் அளக்கப் பழகுங்கள். ஐஸ் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கி வாயைத் திறக்கும் பயிற்சியைச் சிகிச்சை தொடங்கும்போதே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். விழுங்கல் பயிற்சியும் அவ்வாறே. மூக்குக்குழாய் போட்டபின் பயிற்சியாளரை அழைப்பது காலம் கடந்த செயல். கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவருக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு சோதனை செய்ய வேண்டும் என்பதை மறக்காமலிருக்க, பின்தொடர்வு அட்டையிலேயே அச்சிட்டுவிடலாம்.

கெட்ட செய்தியைச் சொல்லும் முறைக்கும் பயிற்சி உண்டு. ‘அவரிடம் சொல்லிவிடாதீர்கள், டாக்டர்’ என்று மகன் கதவருகே நின்று கேட்பது நம் ஓ.பி.யில் அன்றாடம் நடப்பது. ஸ்பைக்ஸ் எனப்படும் ஆறு படி முறையை அடிப்படையாகக் கொண்டு, ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் மகனாகவும் நடிக்க, அந்த உரையாடலைத் தமிழிலேயே ஒத்திகை பாருங்கள். வலி நிவாரணத்துக்கு இந்திய நோய்த்தணிப்புச் சங்கத்தின் அடிப்படைச் சான்றிதழ்ப் படிப்பும், திருவனந்தபுரத்தின் பாலியம் இந்தியா நடத்தும் வகுப்புகளும் உள்ளன. போதைப்பொருள் சட்டத்தில் 2014-இல் வந்த திருத்தத்துக்குப் பின் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகள் மார்ஃபினைப் பெறுவது எளிதாகியிருக்கிறது. உங்கள் மருத்துவமனை அந்த அங்கீகாரம் பெற்றிருக்கிறதா என்பதை விசாரித்தறிவதும் இந்தக் கல்வியில் அடங்கும்.

மாநாடும் பணமும்

முதல் மூன்றாண்டில் ஆண்டுக்கு ஒரு பெரிய மாநாடு போதும். தலை–கழுத்துப் புற்றுநோயியலுக்கான இந்திய அமைப்பான எஃப்.எச்.என்.ஓ.வின் ஆண்டு மாநாடும், டாடா மெமோரியல் ஆண்டுதோறும் நடத்தும் ஆதார அடிப்படையிலான சிகிச்சை மாநாடும் புதியவர்களுக்கு ஏற்றவை. போகும்போது பதிவேட்டில் எழுந்த இரண்டு கேள்விகளோடு போங்கள். அவற்றுக்கு யாரிடம் பதில் கிடைக்கும் என்று நிகழ்ச்சி நிரலைப் பார்த்து முன்னரே குறித்துக்கொண்டு, தேநீர் இடைவேளையில் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பயணச் செலவை மருந்து நிறுவனம் ஏற்கும் வழக்கம் விதிப்படி நின்றிருக்க வேண்டியது. பேச்சாளராக அழைக்கப்பட்டவரைத் தவிர மற்ற மருத்துவர்களுக்கு மாநாட்டுப் பயண வசதி செய்துதரக் கூடாது என மத்திய அரசின் மருந்துத் துறை 2024 மார்ச்சில் வெளியிட்ட விற்பனை நெறிமுறை கூறுகிறது. நிறுவனங்கள் வெளிநாட்டில் சி.எம்.இ. நடத்துவதற்கும் தடை. ஒரு நிறுவனம் பண உதவி செய்யும் அமர்வைக் கேட்டால், பேசப்பட்ட மருந்துக்கு மாற்றாக மலிவான எது இருந்தது, அதைப் பேச்சாளர் சொன்னாரா என்று மட்டும் பாருங்கள். மின்னஞ்சலில் உங்களைச் ‘சிறப்புப் பேச்சாளர்’ என்றழைத்துப் பதிவுக் கட்டணமும் கேட்கும் பெயர் தெரியாத மாநாடுகளைத் திறக்காமலேயே நீக்கிவிடலாம்.

நீண்டகாலப் படிப்புகள்

இரண்டு மூன்று ஆண்டு இவ்வாறு போனபின், இத்துறையிலேயே தங்குவது என்று உறுதிப்பட்டால், முழுநேரப் பயிற்சியைப் பற்றி எண்ணலாம். அறுவைப் புற்றுநோயியலுக்கும் மருந்துவழிப் புற்றுநோயியலுக்கும் இந்தியாவிலேயே முதன்முதலில் 1984-இல் உயர் சிறப்புப் படிப்புகளைத் தொடங்கியது சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம். காது மூக்கு தொண்டை, பொது அறுவை படித்தவர்களுக்கு எம்.சி.எச். என்ற உயர் சிறப்பு அறுவைப் படிப்புக்கு வழி உண்டு, எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பை முடித்த முக–தாடை அறுவை மருத்துவர்களுக்கு அது இல்லையாதலால், அவர்கள் எஃப்.எச்.என்.ஓ. போன்ற அமைப்புகளும் பெரிய மையங்களும் தரும் ஃபெலோஷிப்புகளையே நாட வேண்டியிருக்கும். ஊரை விட்டுப் போக இயலாதவர்கள், உலகளாவிய கூட்டமைப்பான இஃப்னாஸ் நடத்தும் இணையவழி ஃபெலோஷிப்பைப் பார்க்கலாம்.

ஃபெலோஷிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது மையத்தின் பெயரையும் அங்கு நடக்கும் அறுவைகளின் மொத்த எண்ணிக்கையையும் கேட்டு மயங்க வேண்டாம். சென்ற ஆண்டு அங்கே முடித்தவரின் லாக் புக்கைக் காட்டச் சொல்லுங்கள். அதில் எத்தனை கழுத்து அறுவைகளை அவரே தொடக்கம் முதல் முடிவு வரை செய்தார், எத்தனையில் கொக்கி பிடித்து நின்றார், ட்யூமர் போர்டில் அவர் பேச அனுமதிக்கப்பட்டாரா, பின்தொடர்வு ஓ.பி.யில் உட்கார்ந்தாரா அல்லது வார்டு வேலையிலேயே ஆண்டு கழிந்ததா என்று கேளுங்கள். உதவித்தொகை எவ்வளவு, முடித்தபின் அங்கேயே பணியாற்ற வேண்டிய பிணைமுறி உண்டா, விடுப்பு எத்தனை நாள் என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே கையெழுத்திடுங்கள்.